பேருந்து நிற்காத தெரு

வீபேயின் வீட்டிலிருந்து ஹாவர்முண்ட் கால்பந்து மைதானம் முந்நூறு மீட்டர். மாடி அறையில் நின்றால் விளக்குக் கோபுரம் தெரியும். உள்ளே கோல் விழுந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஆனால் பிப்ரவரி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த மைதானத்துக்குப் போவதற்காக அவன் காலை ஏழு மணிக்கே காரை எடுத்துக்கொண்டு நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற டெல்வேனுக்குப் புறப்பட்டான். அங்கே காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறி, அதே நூற்று முப்பது கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மறுபடி பேருந்தில் டெல்வேன், மறுபடி காரில் வீடு.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் விதி அப்படி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு ஊர்க்காரர்களும் ரயில் நிலையத்தில் மோதிக்கொண்டதில் ஒருவனுக்குக் கண் போனது. அன்றிலிருந்து டெல்வேன் ரசிகன் எவனானாலும் டெல்வேனில் பேருந்து ஏறி, போலீஸ் காவலோடு வந்து, மைதானத்தில் அவர்களுக்கென்று அடித்த கம்பிக் கூண்டுக்குள் நின்று பார்த்து, அதே பேருந்தில் டெல்வேனில் போய் இறங்க வேண்டும். நடுவில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. நான் ஹாவர்முண்டிலேயே குடியிருக்கிறேன், நடந்து வர அனுமதியுங்கள் என்று வீபே மூன்று முறை எழுதிப் போட்டான். மூன்று முறையும் ஒரே பதில்: விதிவிலக்கு இல்லை.

அவன் டெல்வேனில் பிறந்து வளர்ந்தவன். அங்கிருந்த பால்பவுடர் ஆலை மூடியபோது வேலை தேடி ஹாவர்முண்ட் துறைமுகத்துக்கு வந்தான். வந்த இடத்தில் ரின்ஸ்காவைக் கட்டிக்கொண்டான். பதினான்கு வருஷம் ஓடிவிட்டது, வயதும் ஐம்பத்தெட்டு. ஊர் மாறினான், வேலை மாறினான், பேச்சில்கூட ஹாவர்முண்ட் இழுவை ஏறிவிட்டது. டீமை மட்டும் மாற்றவில்லை. ஹாவர்முண்டில் அவன் டெல்வேன்காரன். டெல்வேன் பேருந்திலோ அவன் பெயர் "வீட்டோட மாப்பிள்ளை".

அந்தப் பெயர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லலாம். சனிக்கிழமை சாயங்காலம் பட்டாணி சூப்பைக் குடித்துக்கொண்டே அவன் ரின்ஸ்காவிடம் பேச்சை எடுத்தான்.

"நாளைக்குப் பதினொண்ணே கால் வாக்குல பஸ் நம்ம மதகுத் தெரு முனையில திரும்பும். நீ எப்படியும் தினம் அதுவரைக்கும் நடக்கறே இல்ல?"

ரின்ஸ்காவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஏழு வாரம் ஆகியிருந்தது. நடக்க உதவும் உருட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு தினமும் தெருமுனை வரை போய்வரச் சொல்லியிருந்தார் மருத்துவர்.

"சரி, நடக்கறேன். அதுக்கென்ன?"

"எங்க டீமோட சிவப்பு வெள்ளை மப்ளரை கையில எடுத்துக்கோ. பஸ் திரும்பறப்ப ஒரு தடவை தூக்கிக் காட்டு. போதும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் இந்த ஊர்ல பொறந்தவ. அதைத் தூக்கிக்கிட்டு நின்னா எங்கப்பன் கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்து அறைவான்."

"ஒரே நிமிஷம். 'உன் பொண்டாட்டி ஹாவர்முண்ட்காரி, உன்னையும் மாத்திட்டா'ன்னு பத்து வருஷமா என்னை வறுத்தெடுக்கறானுங்க. ஒரு தடவையாவது அவனுங்க வாயை அடைக்கணும்."

"ஐம்பத்தெட்டு வயசுல உனக்கு இது ஒரு கவலை."

"ரின்ஸ்கா."

"சரி சரி, வரேன். மழை பெஞ்சா வர மாட்டேன்."

மழை பெய்யவில்லை.

டெல்வேனிலிருந்து ஐந்து பேருந்துகள் கிளம்பின. வீபே முதல் பேருந்தில். பொறுப்பாளன் யோக்கெம் ரசிகர் சங்கத்தைச் சேர்ந்தவன். ஆளை எண்ணி எண்ணி ஏற்றினான். பீர் கிடையாது. ஜன்னல்களுக்கு வெளியே கம்பி வலை. பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டிகளை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, நாயை விட்டு மோப்பம் பிடிக்கச் சொல்லி, ஷூவைக் கழற்றி உதறச் சொல்லி, அதன் பிறகுதான் போலீஸார் மைதான நுழைவுச் சீட்டைக் கொடுத்தார்கள். எழுபது வயதுக் கிழவர் ஒருவர் ஈர சிமெண்ட் தரையில் காலுறையோடு நின்று நடுங்கினார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழகிப்போயிருந்தது.

பின் இருக்கையில் பெர்ட்டுஸ். கொத்தனார், வீபேயோடு பள்ளியில் படித்தவன், பேருந்தின் வாய் அவன்தான்.

"என்ன மாப்ளே, மாமியார் ஊருக்கா? பலகாரம் ஏதாவது கொண்டு வந்தியா?"

"இன்னைக்குப் பாரு. மதகுத் தெரு முனையில கண்ணை நல்லா தெறந்து வெச்சுக்கிட்டுப் பாரு."

"என்ன இருக்கு அங்க?"

"என் பொண்டாட்டி. நம்ம மப்ளரோட."

பேருந்து முழுக்க ஒரு ஊளை எழுந்தது. "இடுப்பு ஆபரேஷன்னு சொன்னியேடா?" என்றான் பெர்ட்டுஸ்.

"ஆமா. இடுப்பு மாத்தியும் வந்து நிக்கிறா. உன் பொண்டாட்டி நிப்பாளா?"

இதைச் சொன்னபோது வீபேக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பல வருஷம் கழித்து அந்தப் பேருந்தில் அவன் பேச்சுக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் முன்னும் பின்னும் போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் சேர்ந்துகொண்டன. குறுக்குத் தெருக்களை அடைத்து வைத்திருந்தார்கள். கால்வாய்ப் பாலம் தாண்டி வண்டி மெதுவாகத் திரும்பியபோது, சொன்னபடியே நின்றாள் ரின்ஸ்கா. சாம்பல் நிறக் கோட்டு. ஒரு கை உருட்டு வண்டியில். மறு கையில் மப்ளர். வெட்கப்பட்டுக்கொண்டே அதைத் தோள் உயரத்துக்குத் தூக்கினாள். பேருந்து வெடித்தது. ஐம்பது பேரும் அந்தப் பக்கத்து ஜன்னலில் அப்பினார்கள். பெர்ட்டுஸ் அப்போதே பாட்டுக் கட்டினான்:

"ரின்ஸ்கா ரின்ஸ்கா இங்கே பாரு,
இடுப்பு ஒடிஞ்சும் எங்க ஆளு!"

ரின்ஸ்கா சிரித்தாள். மப்ளரை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். வீபே கண்ணாடியைத் தட்டினான். அவள் அவனைப் பார்த்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

வண்டி அவளைத் தாண்டியது. அவன் பின் கண்ணாடிக்கு ஓடினான், இன்னொரு முறை பார்க்கலாம் என்றுதான். தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஹாவர்முண்ட் டீமின் நீலத் தொப்பி போட்ட மூன்று இளைஞர்கள் சாலையைக் கடந்து அவளை நோக்கிப் போவது தெரிந்தது. ஒருவன் மப்ளரைப் பிடித்து இழுத்தான். அவள் விட்டிருக்கலாம். விடவில்லை. இன்னொருவன் உருட்டு வண்டியை உதைத்தான். அவள் பக்கவாட்டில், கையை ஊன்றக்கூட நேரமில்லாமல், நடைபாதை விளிம்பில் விழுந்தாள். பேருந்து திரும்பியது. சுவர்தான் தெரிந்தது.

"நிறுத்து! வண்டியை நிறுத்து!"

முன்னால் ஓடினான். ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நிறுத்த முடியாதுங்க. முன்னாடி போலீஸ், பின்னாடி போலீஸ்."

"என் பொண்டாட்டி விழுந்துட்டா! தள்ளிவிட்டுட்டானுங்க!"

"கதவைத் தெறந்தா என் லைசென்ஸ் போயிடும். உக்காருங்க, தயவுசெஞ்சு."

பெரும்பாலானவர்கள் எதையும் பார்த்திருக்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யோக்கெம் வந்து அவன் தோளைப் பிடித்தான். "இரு. ரெண்டு நிமிஷம். மைதானத்துல இறங்கினதும் போலீஸ்கிட்ட சொல்லலாம்."

மைதானத்தின் பின்புறம், நாலு ஆள் உயரத்துக்குத் தகரமும் கம்பியும் அடித்த முற்றத்துக்குள் பேருந்து நுழைந்தது. பின்னால் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. ஓர் இளம் பெண் போலீஸ், தலைக்கவசத்துக்கு வெளியே மஞ்சள் பின்னல் தொங்க, கதவருகே நின்றாள். வீபே மூச்சு வாங்க அவளிடம் சொன்னான். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"உங்க வீடு எங்க சார்?"

"தோ, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். மதகுத் தெரு இருபத்திரண்டு. நடந்தா மூணு நிமிஷம்."

"டெல்வேன் பஸ்ல வந்திருக்கீங்க."

"வேற எதுலம்மா வர முடியும்? நீங்கதானே விட மாட்டேங்கறீங்க!"

"முகவரிக்கு ஏதாவது அத்தாட்சி?"

அடையாள அட்டையை நீட்டினான். அதில் பிறந்த ஊர் இருந்தது: டெல்வேன். அந்த நாட்டில் குடியிருக்கிற முகவரியை எந்த அட்டையிலும் அச்சடிப்பதில்லை. சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினான். "இந்தா சாவி. யாரையாவது கூட அனுப்புங்க. கதவு தெறக்குதான்னு பாருங்க."

அவள் வயர்லெஸ்ஸில் பேசினாள். பதில் கரகரத்தது. "மதகுத் தெருவுல ஒரு வயசான அம்மா தடுக்கி விழுந்திருக்காங்களாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. பாத்துக்குவாங்க சார்."

"தடுக்கி விழல. தள்ளிவிட்டானுங்க. நான் போகணும்."

"வெளிய நானூறு ஹாவர்முண்ட் பசங்க நிக்கறாங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு எங்க தலையில."

"அது என் தெரு! அந்தப் பசங்கள்ல ஒருத்தன்தான் எனக்கு முடி வெட்டறான்!"

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு மேலதிகாரியைப் பார்த்தாள். அவர் முடியாது என்று தலையை மட்டும் அசைத்தார். அவள் வீபேயிடம் திரும்பினாள். "போன வருஷம் ஒருத்தர் அம்மா செத்துட்டாங்கன்னு சொன்னாரு. கதவைத் தெறந்தோம். அவர் பின்னாடியே பதினஞ்சு பேர் ஓடினாங்க. மன்னிச்சுக்கோங்க. உள்ள போய் மேட்ச் பாருங்க."

மேட்ச் பார்த்தான். வேறென்ன செய்வது? மேலே வலை, பக்கத்தில் கண்ணாடிச் சுவர், பின்னால் கம்பிக் கதவு. கூண்டின் மேல் வரிசையில் ஏறி நின்றால், எதிர் கூரைக்கும் விளக்குக் கோபுரத்துக்கும் நடுவே தன் வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. கைபேசியை எடுத்து எடுத்து அழுத்தினான். இருபதாயிரம் பேர் கூடிய இடத்தில் லைன் போகவில்லை. ஒரே ஒரு முறை மணி அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

முப்பத்தோராவது நிமிஷம் டெல்வேன் கோல் போட்டது. ஆட்கள் அவன் மேல் விழுந்தார்கள். யாரோ ஒருவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். "ரின்ஸ்கா ராசிடா!" என்று பெர்ட்டுஸ் கத்தினான். உடனே பாட்டு கிளம்பியது. இப்போது ஐந்து பேருந்து ஆட்களும் பாடினார்கள், யார் ரின்ஸ்கா என்றே தெரியாதவர்களும்.

"ரின்ஸ்கா ரின்ஸ்கா இங்கே பாரு,
இடுப்பு ஒடிஞ்சும் எங்க ஆளு!"

"நிறுத்தச் சொல்லுடா," என்றான் வீபே.

"ஏன்டா? நல்லாத்தானே இருக்கு."

"அவ விழுந்து கிடக்கிறா."

"ஆம்புலன்ஸ் போயாச்சுல்ல? சும்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. ஹாவர்முண்ட்ல நாம ஜெயிச்சு ஆறு வருஷம் ஆச்சு."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஹாவர்முண்ட்காரர்களுக்கும் பாட்டு பிடித்துப்போனது. கடைசி வரியை மாற்றி அவர்கள் திருப்பிப் பாடினார்கள். அந்த வரியை வீபே பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

ஆட்டம் இரண்டு மணிக்கு முடிந்தது. டெல்வேன் வென்றது. ஊர்க்கூட்டம் கலையும்வரை கூண்டைத் திறக்க மாட்டோம், ஒரு மணி நேரம் ஆகும் என்று ஒலிபெருக்கி சொன்னது. அதன் பிறகு பேருந்து, டெல்வேன், கார். வீடு போய்ச் சேர ஆறரை ஆகிவிடும். வீபே யோக்கெமைத் தேடிப் போனான்.

"இங்க கைது பண்ணினா எங்க கொண்டுபோய் வெப்பாங்க?"

"டவுன்ஹாலுக்குப் பின்னாடி ஸ்டேஷன்லதான். என் மச்சானை அப்படித்தான் பிடிச்சாங்க. பேரை எழுதிக்கிட்டு ரெண்டு மணி நேரத்துல விட்டுட்டாங்க. ஏன் கேக்கற?"

டவுன்ஹாலிலிருந்து மருத்துவமனை ஐந்து நிமிஷ நடை. வீபே கணக்குப் போட்டுப் பார்த்தான். நாலரைக்கு அவள் பக்கத்தில் இருக்கலாம்.

கம்பிக் கதவுக்குப் போனான். அதே பெண் போலீஸ்தான் நின்றாள். அவனைக் கண்டதும், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம் சார், இப்பத்தான் கேட்டேன்," என்று சொல்லிக்கொண்டே கதவை அரையடி திறந்தாள். அவன் கேட்காமலே அவள் விசாரித்திருந்தாள். வீபே அந்த இடுக்கில் கையை வெளியே விட்டு அவள் தலைக்கவசத்தைப் பிடித்து இழுத்து, முகத்தில் குத்தினான். வாழ்நாளில் அவன் யாரையும் அடித்ததில்லை. அவள் உதடு கிழிந்து தாடையில் ரத்தம் வழிந்தது. அவள் கண்ணில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. பின்னால் கூண்டு ஆர்ப்பரித்தது. "மாப்ளே! மாப்ளே!" என்று பெர்ட்டுஸின் குரல் மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது.

நான்கு பேர் அவன் முதுகில் ஏறி விலங்கு மாட்டினார்கள். வண்டியில் தள்ளினார்கள். வண்டி மதகுத் தெரு வழியாகத்தான் போனது. முனையில் யாருமில்லை. டவுன்ஹாலைத் தாண்டியது. நிற்கவில்லை.

"எங்க போறோம்?"

"மேட்ச் நாள்ல பிடிச்ச ஆளுங்களை ஊருக்குள்ள வெக்கறதில்ல," என்றார் உள்ளே இருந்தவர். "இந்த வருஷத்திலேருந்து புது ஏற்பாடு. அறுபது கிலோமீட்டர். சௌகரியமா சாஞ்சுக்கோ."

பெயரை எழுதிக்கொண்டு விடவில்லை. போலீஸை அடித்தவனை விடுவார்களா? திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குத்தான் வெளியே விட்டார்கள். இரண்டு ரயில் மாறி, ஆறரைக்கு அவன் ஹாவர்முண்ட் மருத்துவமனையில் நுழைந்தான்.

ரின்ஸ்கா மல்லாந்து படுத்திருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. புது மூட்டு பெயர்ந்து, தொடை எலும்பு நீளவாக்கில் பிளந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு தடவை, திங்கட்கிழமை காலை ஒரு தடவை, இரண்டு முறை அறுத்திருந்தார்கள். இனி நடப்பாள் என்று யாரும் சொல்லவில்லை.

"வந்துட்டியா," என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பஸ்ஸை நிறுத்த மாட்டேன்னுட்டான், ரின்ஸ்கா. எவ்வளவோ கத்தினேன்."

"நிறுத்த மாட்டான்னு தெரியும். நான் இந்த ஊர்க்காரி. உங்க பஸ்ஸுக்காக ரோட்டை அடைச்சுட்டாங்க. ஆம்புலன்ஸ் சுத்திக்கிட்டு வர நாப்பது நிமிஷம் ஆச்சு. மிச்ச நாலு பஸ்ஸும் நான் கிடக்கறப்ப என் முன்னாடிதான் போச்சு. எல்லாரும் கை காட்டினாங்க."

அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நேத்து ஆறரைக்கு நீ வந்துருவேன்னு நெனச்சேன்," என்றாள் அவள். "கத்தி வைக்கறதுக்கு முன்னாடி கையெழுத்துக் கேட்டாங்க. கணவர் எங்கன்னு கேட்டாங்க. ஃபுட்பால் பாக்கப் போயிருக்காருன்னு சொன்னேன்."

"உன்கிட்ட சீக்கிரம் வரலாம்னுதான் ஒரு காரியம் செஞ்சேன். அது வேற மாதிரி ஆயிடுச்சு."

அவள் என்ன காரியம் என்று கேட்கவில்லை.

"யார்னு தெரியுமா?" என்று கடைசியில் அவன்தான் கேட்டான்.

"மப்ளரைப் பிடிச்சு இழுத்தது தைஸ். பதினாலாம் நம்பர் வீட்டு கொர்ரியோட புள்ள."

போன டிசம்பரில் அவர்கள் வாசலில் பனியை அள்ளிப் போட்டவன் அந்தத் தைஸ்.

"உன்னை அடையாளம் தெரியலையா அவனுக்கு?"

"மொதல்ல தெரியல. கிட்ட வந்ததும் தெரிஞ்சுது. 'நீங்களா?'ன்னு கேட்டான். கேட்டுட்டும் இழுத்தான்."

புகார் கொடுக்கலாம் என்றான் வீபே. அவள் வேண்டாம் என்றாள். அந்தத் தெருவில்தான் இனியும் கிடக்க வேண்டும், நகரக்கூட முடியாமல் கிடக்க வேண்டும் என்றாள். அவன் எவ்வளவோ வற்புறுத்தியும் அவள் இணங்கவில்லை. "தடுக்கி விழுந்தேன்" என்றே போலீஸிடம் எழுதிக் கொடுத்தாள். போலீஸ் காகிதத்தில் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது.

மார்ச் கடைசியில் அவளைச் சக்கர நாற்காலியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டிலைக் கீழே, தெருவைப் பார்த்த அறைக்கு இறக்கினான் வீபே. அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. அந்தப் பெண் போலீஸ் நீதிமன்றத்துக்கு வந்திருந்தாள். உதட்டில் மூன்று தையல் தழும்பு. வீபே மன்னிப்புக் கேட்டான். அவள் தலையாட்டினாள். நூற்றிருபது மணி நேரம் சமூக வேலை. மூன்று வருஷம் எந்த மைதானத்துக்குள்ளும் நுழையத் தடை. அவன் எதற்கும் வாதாடவில்லை. கடைசி ஷரத்தை எழுத்தர் வாசித்தபோதுதான் நிமிர்ந்தான்: ஹாவர்முண்டில் ஆட்டம் நடக்கிற நாட்களில், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, மைதானத்திலிருந்து ஐந்நூறு மீட்டர் தூரத்துக்குள் அவன் இருக்கக் கூடாது.

"என் வீடே அதுக்குள்ளதாங்க இருக்கு," என்றான்.

நீதிபதி காகிதத்தைப் புரட்டினார். குற்றம் பதிவான போலீஸ் அறிக்கையில் டெல்வேன் ரசிகன் என்று இருந்தது. நகராட்சிப் பதிவைச் சரிபார்த்துவிட்டு, ஆமாம், வீடு உள்ளேதான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். மேல்முறையீடு செய்யலாம் என்றார். மேல்முறையீட்டுக்குப் பதில் ஜூனில் வந்தது: விதிவிலக்கு இல்லை.

ஆகஸ்டில் புது சீசன் தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஹாவர்முண்டில் ஆட்டம் இருக்கிற ஞாயிறன்று, ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வீபே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவான். ரின்ஸ்காவைத் தனியாக விட முடியாது. கழிப்பறைக்குத் தூக்கி உட்காரவைக்க ஒரு ஆள் வேண்டும். வீட்டுச் செவிலி ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. அந்த நாட்களில் வந்தவள் பதினாலாம் நம்பர் கொர்ரி. தானாகவே வந்து கேட்டாள். கையில் ஆப்பிள் கேக் இருந்தது. தன் பிள்ளை செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இவர்களும் பேசவில்லை.

முதல் ஞாயிறு கொர்ரியால் தனியாகத் தூக்க முடியவில்லை. பதினோரு மணிக்கு மகனைக் கூப்பிட்டாள். தைஸ் நீலத் தொப்பியைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு வந்தான். ரின்ஸ்காவின் அக்குளில் கைகொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாகத் தூக்கினான். அவள் அவன் கழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அதை அவள் சாயங்காலம் வீபேயிடம் சொன்னாள். அவன் அன்று முழுக்க ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க் ஓரத்தில், காருக்குள் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்திருந்தான்.

"என்ன சொன்னான்?"

"'வலிக்குதா?'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"இல்லைன்னேன். மேட்சுக்கு நேரமாச்சு, போடான்னேன்." அவள் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "அடுத்த மேட்ச் வர்ற ஞாயித்துக்கிழமை இல்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை. காலண்டர்ல குறிச்சு வெச்சுட்டேன். அன்னைக்கு சூப்பை முன்னாடியே பண்ணி வெச்சுட்டுப் போ."